வந்து சேராத அலாரம்: தொலைதூரக் கணினிகளைக் கண்காணிப்பதன் உள்விவரம்

2003 ஆகஸ்ட் 14, பிற்பகல் 2:14. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் இருந்த ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் உறைந்து நின்றது. திரை அணையவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. புதிய அலாரங்கள் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். அலாரம் வராவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மின் நிறுவனத்திலிருந்து போன் செய்து ஒரு லைன் டிரிப் ஆனதைப் பற்றிக் கேட்டபோதுகூட, தங்கள் திரையில் அப்படி எதுவும் இல்லை என்றே பதில் போனது. 3:05க்கும் 3:41க்கும் இடையில் 345 கிலோவோல்ட் லைன்கள் மூன்று, தொய்ந்து மரங்களில் பட்டு அடுத்தடுத்துத் துண்டித்தன. 4:10க்குப் பிறகு சில நிமிடங்களில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது.

இதில் கணினித் துறையினர் கவனிக்க வேண்டிய பகுதி நடுவில் இருக்கிறது. 2:41க்கு அலாரம் ஓடிய முதன்மைச் சர்வர் விழுந்தது, 2:54க்கு மாற்றுச் சர்வரும் விழுந்தது. கணினிப் பிரிவினரின் பேஜருக்குத் தானாகவே தகவல் போனது. அவர்கள் சர்வரை மறுபடி துவக்கினார்கள், அது எழுந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். உள்ளே அலாரம் இன்னும் உறைந்தே கிடந்தது. அலாரம் வருகிறதா என்று ஆபரேட்டர்களிடம் யாரும் கேட்கவில்லை. சர்வர் விழுந்து எழுந்ததையும் சொல்லவில்லை. 2004 ஏப்ரலில் வெளியான அமெரிக்க–கனடியக் கூட்டுக் குழுவின் அறிக்கை இதையெல்லாம் நிமிடக் கணக்கோடு பதிவு செய்திருக்கிறது.

தொலைவில் இருக்கும் கணினிகளுக்குக் கண்காணிப்பு அமைக்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைப் போடுவது என்பதைத்தான். நாகியோஸா, ஜாபிக்ஸா, ப்ரோமிதியஸா? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. கோளாறு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு மனிதர் எழுந்து கை வைக்கும் இடம் வரை ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதை எங்கே அறுந்தாலும் நமக்குக் கிடைப்பது அமைதி மட்டுமே. எல்லாம் நலமாக இருக்கும்போதும் அதே அமைதிதான். இந்த இரண்டு அமைதிகளையும் பிரித்துக் காட்டுவதுதான் கண்காணிப்பின் உண்மையான வேலை என்று நான் நினைக்கிறேன்.

ஆக்ரனில் அலாரம் கிளம்பவே இல்லை. கிளம்பியும் சேராமல் போன கதை, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் ஜிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. டேட்டாபேஸ் பிரதியைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், அழிக்கும் கட்டளையைத் தவறான சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடிப் போனால், அமேசானின் இணையச் சேமிப்புக் கிடங்கில் அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் 9.6ஆம் பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2ஆம் பதிப்பு. பதிப்பு ஒத்துப்போகாததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்ற ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலும் கிளம்பியது. ஆனால் அந்த மின்னஞ்சல்களில், அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் டிமார்க் சோதனைக்குத் தேவையான கையொப்பம் இல்லை. வாங்கும் பக்கத்துச் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்ததால் பெரும்பகுதி பிழைத்தது. இதை ஜிட்லேப் மறைக்காமல் விரிவாக வெளியிட்டது. அந்த அறிக்கை இல்லாவிட்டால் இந்தப் பாடம் நம் யாருக்கும் கிடைத்திருக்காது.

மூன்றாவது வகை இன்னும் வேதனையானது. 2012 ஆகஸ்ட் 1, நியூயார்க் பங்குச் சந்தை. பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றியது, ஒன்றில் விட்டுப்போனது. காலை 8:01 முதல் அதன் சொந்தக் கணினியே பிழையைக் குறிப்பிட்டு ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. சந்தை திறக்கும் 9:30க்குள் 97 மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படவில்லை. அப்படிப்பட்ட மின்னஞ்சல்களை ஊழியர்கள் படிக்கும் வழக்கமும் இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிறகு பதிவு செய்தது. சந்தை திறந்த 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அலாரம் கிளம்பியது, சேர்ந்தது, யாரும் பார்க்கவில்லை.

எதைப் பார்ப்பது

கண்காணிப்பின் மிக எளிய கருவி பிங்: ஒரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் நிரல். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் எழுதியது. இன்றும் பல அலுவலகங்களில் கண்காணிப்பு என்றால் பிங் போடுவதோடு முடிந்துவிடுகிறது. பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். அதற்கு மேலே ஓடும் டேட்டாபேஸ் செத்துக் கிடக்கலாம், பில் போடும் மென்பொருள் தொங்கிக்கொண்டிருக்கலாம். பிங் மட்டும் ஜோராகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஆக்ரனில் நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்தான். சர்வர் எழுந்ததா என்று பார்த்தார்கள், வேலை நடக்கிறதா என்று பார்க்கவில்லை.

அதனால் முதல் சோதனையை வெளியிலிருந்து, பயனர் பார்க்கும் கோணத்தில் வைக்க வேண்டும். இணையதளம் என்றால், பக்கம் திறக்கிறதா என்பதோடு விடாமல், பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் தேடச் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்ற பக்கத்தையே "200, எல்லாம் சரி" என்ற குறியோடு அனுப்பும் தளங்கள் ஏராளம். பேக்கப் என்றால், பேக்கப் நிரல் ஓடியதா என்று பார்ப்பதில் பயன் குறைவு. கடைசிக் கோப்பு எத்தனை மணி நேரம் பழையது, அதன் அளவு நேற்றைய அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 26 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் எச்சரி, அளவு பாதியாகக் குறைந்தால் எச்சரி. இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் ஜிட்லேப் தன் காலிக் கிடங்கை முதல் நாளே கண்டிருக்கும்.

தேதி தெரிந்த ஆபத்துகள் தனி ரகம். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் (கணினி தன் அடையாளத்தை நிரூபிக்கும் கோப்பு) காலாவதியானது; பிரிட்டனில் ஓ2 மொபைல் நெட்வொர்க்கைப் பயன்படுத்திய சுமார் 3.2 கோடிப் பேருக்கு மொபைல் டேட்டா நின்றது. எந்த நாளில் முடியும் என்று சான்றிதழிலேயே எழுதியிருந்தும் நடந்தது இது. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சேவையின் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்க வைத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் கவனிக்க: காலாவதியைப் பற்றி அந்தச் சேவை அனுப்பி வந்த நினைவூட்டல் மின்னஞ்சல்கள் 2025 ஜூனோடு நின்றுவிட்டன. 21 நாள் இருக்கும்போது ஒரு தகவல், 7 நாள் இருக்கும்போது ஒரு அலாரம் என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச் சோதனைக்கு அப்புறம்தான் கணினியின் உள்ளே வர வேண்டும். அங்கே நான் முதலில் பார்ப்பது டிஸ்க். தொலைவில் இருக்கும் சர்வர் நின்றுபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம் டிஸ்க் நிறைவது. இதற்குப் பெரும்பாலோர் 80 அல்லது 90 சதவீதம் என்று ஓர் எல்லை வைக்கிறார்கள். 2 டிபி டிஸ்க்கில் 90 சதவீதம் நிறைந்தாலும் 200 ஜிபி மிச்சம் இருக்கும். நாளுக்கு 1 ஜிபி வளர்ந்தால் அரை வருடத்துக்கு மேல் தாங்கும். அதற்கு நள்ளிரவில் அலாரம் அடித்து என்ன பயன்? இன்னொரு பக்கம், 20 ஜிபி வாடகைச் சர்வரில் 79 சதவீதம்தான், அலாரம் எதுவும் இல்லை. அதில் ஒரு நிரல் பிழையில் சிக்கி மணிக்கு 1 ஜிபி லாக் (நடப்பதைப் பதிவு செய்யும் கோப்பு) எழுதத் தொடங்கினால் நாலரை மணி நேரத்துக்குள் டிஸ்க் முழுதும் நிறைந்துவிடும். சதவீதம் இரண்டு இடத்திலும் தவறான செய்தியையே சொல்கிறது. கேட்க வேண்டியது, இந்த வேகத்தில் போனால் எப்போது நிறையும் என்பதை. ப்ரோமிதியஸில் இதற்கென்றே ஒரு கணக்கீடு உண்டு: கடந்த ஆறு மணி நேரப் போக்கை நீட்டி, அடுத்த நான்கு மணி நேரத்தில் இடம் பூஜ்யத்துக்குக் கீழே போகுமானால் எச்சரி என்று எழுதலாம். ஜாபிக்ஸிலும் இதுபோல் முன்கணிக்கும் வசதி இருக்கிறது. கூடவே ஐநோடு எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும்; ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் ஒதுக்கப்படும் பதிவு அது, அதன் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால், ஜிபி கணக்கில் இடம் இருக்கும்போதே புதிய கோப்பு எழுத முடியாமல் போகும். முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

டிஸ்க் நிறைவது ஒன்று, டிஸ்க்கே சாவது இன்னொன்று. ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்கிறது. டிஸ்க்குகளை ஆயிரக்கணக்கில் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம், அதில் 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து குறிப்புகளைத்தான் முக்கியமாகக் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறது. இவை பூஜ்யத்திலிருந்து நகரத் தொடங்கினாலே, பேக்கப் எடுக்கவும் மாற்று டிஸ்க்குக்குச் சொல்லிவைக்கவும் நேரம் வந்துவிட்டது.

நினைவகத்தில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. லினக்ஸ், சும்மா கிடக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளப் பயன்படுத்திவிடும். தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே காலியாக இருக்கும் நினைவகம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். அதை வைத்து அலாரம் அமைத்தால் நாள் முழுக்க அடிக்கும். 2014இல் வந்த கெர்னல் 3.14 முதல், உண்மையில் கொடுக்க முடிந்த நினைவகம் எவ்வளவு என்று தனியாக ஓர் அளவு இருக்கிறது. அதைத்தான் பிடிக்க வேண்டும். சிபியு 100 சதவீதம் போவதற்கு நான் அலாரமே வைக்க மாட்டேன். பேக்கப்பைச் சுருக்கும்போது சிபியு முழுதும் ஓடினால், வாங்கிய காசுக்கு அது உழைக்கிறது என்று பொருள். பயனருக்குப் பக்கம் தாமதமாக வந்தால் மட்டுமே அது பிரச்சினை. அதை வெளிச் சோதனை சொல்லிவிடும்.

யாரை எப்போது எழுப்புவது

2013இல் அமெரிக்க மருத்துவமனைகளின் தர அங்கீகார அமைப்பான ஜாயின்ட் கமிஷன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நோயாளிப் படுக்கைகளில் அடிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்ற மதிப்பீட்டை அது சுட்டிக்காட்டியது. காது மரத்துப்போன செவிலியர்கள் ஒலியைக் குறைக்கிறார்கள், அணைக்கிறார்கள். உண்மையான அலாரம் அதில் கரைந்துபோகிறது. உயிர் காக்கும் இடத்திலேயே இப்படி என்றால், தினமும் நாற்பது மின்னஞ்சல் அனுப்பும் கண்காணிப்பு மென்பொருளை ஒரு சிஸ்டம் அட்மின் எத்தனை நாள் மதிப்பார்? ஒரு மாதத்தில் அந்த மின்னஞ்சல்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார். நைட் கேபிடலின் 97 மின்னஞ்சல்களும் அப்படித்தான் யாரும் பார்க்காமல் கிடந்தன.

இதற்கு மருந்து கறாராக இருப்பது. தூங்குபவரை எழுப்பும் அலாரத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: இப்போதே செய்தாக வேண்டிய வேலையாக இருக்க வேண்டும், எழுந்தவரால் அதைச் செய்ய முடிய வேண்டும். மற்றவை காலையில் பார்க்கும் பட்டியலுக்குப் போகட்டும். அதற்கும் தகுதியில்லாதவை டாஷ்போர்டில் வரைபடமாக இருந்தால் போதும். ஒவ்வொரு அலாரச் செய்தியிலும் எந்தக் கணினி, என்ன ஆயிற்று, முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி இருந்தால், அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அது பெரிய உபகாரம்.

பொய் அலாரத்தைக் குறைக்க நேரமும் உதவும். ஒருமுறை பதில் வராததும் அலறக் கூடாது. நாகியோஸ் ஆரம்பத்திலிருந்தே இதை இரண்டு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதல் தோல்வி சந்தேகம் மட்டுமே, குறிப்பிட்ட தடவை திரும்பத் திரும்பத் தோற்றால்தான் உறுதியான கோளாறு, அப்போதுதான் ஆளைக் கூப்பிடும். ப்ரோமிதியஸில் இத்தனை நிமிடம் தொடர்ந்து நீடித்தால் என்று எழுதுவார்கள். கிளை அலுவலகத்தின் பிராட்பேண்ட் இரண்டு நிமிடம் போய் வருவது சகஜம் என்றால், ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். பில் போடும் கவுன்டர் என்றால் அவ்வளவு பொறுக்க முடியாது. இந்த எண்ணை அந்தத் தொழிலை நடத்துபவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது சார்பு. ஒரு கிளையின் ரவுட்டர் போனால் அதன் பின்னால் உள்ள முப்பது கணினியும் காணாமல் போகும். முப்பத்தொரு அலாரம் வேண்டாம், ரவுட்டர் என்று ஒன்று போதும். எந்தக் கணினி எதன் பின்னால் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால் மீதியை அது அடக்கிவிடும். மின்வாரியம் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடை நாள்களுக்கு, அந்தக் கிளையை மட்டும் அந்த நேரத்துக்கு மௌனத்தில் வைக்கும் வசதியும் எல்லா மென்பொருளிலும் உண்டு. முடியும் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முடிவு நேரம் இல்லாத மௌனம் அப்படியே மறந்துபோய்விடும்.

செய்தி எந்த வழியாகப் போகும் என்பதில் நம் நாட்டுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு எஸ்எம்எஸ் கேட்வே வாங்கினால் வேலை முடிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரையும் வாசக வார்ப்பையும் (டெம்ப்ளேட்) தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பதிவு செய்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் இதை முழுவதுமாக அமல்படுத்தியபோது வங்கி ஓடிபிகளே தடைபட்டு, ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பதிவு செய்த வார்ப்பிலிருந்து சர்வர் அனுப்பும் வாசகம் விலகினால் செய்தி வழியிலேயே நின்றுவிடும். ஜிட்லேபின் மின்னஞ்சல் கதை வேறு உருவில் திரும்ப நடக்கும். சிறிய அமைப்புகளுக்கு டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) சுலபம், செலவும் இல்லை. ஆனால் ஒரே வழியை நம்பக் கூடாது. டெலிகிராமும் மின்னஞ்சலும் சேர்ந்து போகட்டும். பத்து நிமிடத்தில் யாரும் பார்த்தேன் என்று பொத்தானை அழுத்தாவிட்டால் அடுத்தவருக்குத் தொலைபேசி அழைப்பு போகட்டும்.

கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது

தகவல் எடுக்க இரண்டு முறைகள் உண்டு. மையச் சர்வர் ஒவ்வொரு கணினியாகப் போய்க் கேட்பது ஒன்று. ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் தானே மையத்துக்கு அனுப்புவது மற்றொன்று. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய ப்ரோமிதியஸ் முதல் ரகம். ஜாபிக்ஸ் இரண்டையும் செய்யும். நம்மூர்க் கிளை அலுவலகங்களின் பிராட்பேண்டில் பெரும்பாலும் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியிலிருந்து உள்ளே போய்க் கேட்க வழியே இல்லை. ஆகவே உள்ளிருந்து வெளியே அனுப்பும் ஏஜென்ட், அல்லது வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (இணையத்தின் வழியே போடும் தனிப் பாதை) தேவை.

ஏஜென்ட் அனுப்பும் முறையில், ஏஜென்டே செத்துப்போனால் கெட்ட செய்தி வராது. எந்தச் செய்தியும் வராது. அதனால் செய்தி வராததையே அலாரமாக்க வேண்டும். முன்பெல்லாம் தெருவில் இரவுக் காவலர் மணிக்கொரு முறை விசில் ஊதிக்கொண்டு போவார். விசில் கேட்காத இரவில்தான் எழுந்து பார்க்க வேண்டும். தினசரி பேக்கப், வாராந்திர அறிக்கை எல்லாம் வெற்றியாக முடிந்தால் ஓர் இணைய முகவரியைத் தட்டிவிட்டுப் போகும்படி அமைக்கலாம். உரிய நேரத்தில் தட்டல் வராவிட்டால் மறுபக்கம் கூப்பிடும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் செய்வது இதைத்தான். கண்காணிப்புச் சர்வருக்கும் இதே வைத்தியம்: எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலாரத்தை அதில் வேண்டுமென்றே வைத்து, அதை வெளியே வேறொரு சேவைக்கு அனுப்ப வேண்டும். அது நின்றால், கண்காணிப்பே நின்றது என்று தெரியும். ஆக்ரனில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

அந்த வெளிச்சேவை உண்மையிலேயே வெளியே இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை முடங்கியபோது, எது இயங்குகிறது எது இயங்கவில்லை என்று காட்டும் அமேசானின் நிலைப் பலகையையே புதுப்பிக்க முடியவில்லை. அந்தப் பலகையை நிர்வகிக்கும் மென்பொருள் எஸ்3ஐ நம்பியிருந்தது. ஒரே அறையில், ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே ரவுட்டருக்குப் பின்னால் கண்காணிப்புச் சர்வரையும் வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும். வேறொரு நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த மிகச் சிறிய சர்வர் ஒன்று போதும்.

கண்காணிப்பு மென்பொருள் எல்லாக் கணினிக்கும் சாவி வைத்திருக்கிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2021 ஜூலை 2 அன்று, வாடிக்கையாளர் கணினிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கசேயா மென்பொருளின் ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியது. 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டதாக கசேயா கணக்கிட்டது. ஸ்வீடனில் கூப் பல்பொருள் அங்காடிகளில் கல்லா இயந்திரங்கள் நின்று, சுமார் 800 கடைகள் மூடப்பட்டன. பார்க்க மட்டும் அனுமதி போதும் என்ற இடத்தில் கட்டளை இடும் அனுமதியைக் கொடுக்கக் கூடாது. பழைய ரவுட்டர்களிலும் பிரின்டர்களிலும் "பப்ளிக்" என்ற கடவுச்சொல்லோடு வரும் பழைய எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் முறை) வசதியை மூடிவிட்டு, குறியாக்கம் உள்ள அதன் மூன்றாம் பதிப்புக்கு மாற வேண்டும்.

எல்லாம் அமைத்து முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சேவையை நிறுத்திவிட்டு, எத்தனை நிமிடத்தில் யாருடைய போன் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறொரு கணினியில். மின்னஞ்சல் பெட்டி நிறைந்திருப்பது, டெலிகிராம் பாட்டின் டோக்கன் (அதன் ரகசியச் சாவி) மாறியிருப்பது, எச்சரிக்கைப் பட்டியலில் முதல் எண் ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுப் போனவருடையது என்பதெல்லாம் இந்தச் சோதனையில்தான் வெளியே வரும்.